முதலில் பணம் கேட்கும் நல்ல செய்தி

தோட்டங்களில் பெரும்பாலும் மாதத்தின் 10ஆம் திகதியை ஒட்டித்தான் சம்பளம். அந்த இரண்டு மூன்று நாட்களில் ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா டவுன்களுக்குப் போகும் பஸ்களில் நிற்கவும் இடம் கிடைக்காது. அடகு நகையின் வட்டி, நுண்கடன் தவணை, கடைப் பற்று, பிள்ளையின் சப்பாத்து எல்லாவற்றுக்கும் அந்தப் பணம்தான். 2024 செப்டெம்பரில் வந்த வர்த்தமானி அறிவித்தலின்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. இந்த எண்ணை மனதில் வைத்துக்கொண்டு கீழே உள்ள உரையாடலைப் படிக்க வேண்டும். இலங்கை முழுவதும் எத்தனையோ பேருக்கு வந்துவிட்ட அழைப்பு ஒன்றின் மாதிரி இது.

“வணக்கம் அம்மா, ஹெட் ஆபீஸ்ல இருந்து பேசுறோம். உங்க நம்பருக்கு அஞ்சு லட்சம் பரிசு விழுந்திருக்கு.”

“எனக்கா? நான் சீட்டு ஒன்னும் எடுக்கலையே ஐயா.”

“ரீலோட் போட்டீங்கதானே அம்மா, அதுல நடந்த குலுக்கல். ஒரு சின்ன வேலைதான் பாக்கி. வரி 4,500 ரூபா. கடைக்குப் போயி நான் சொல்ற நம்பருக்கு ஈசி கேஷ் போட்டுடுங்க. போனை வச்சிடாதீங்க, லைன்லயே இருங்க. கடைக்காரர்கிட்ட எதுக்குன்னு சொல்ல வேணாம். வெளிய தெரிஞ்சா பரிசு கேன்சல் ஆயிடும்.”

அந்த 1,350 ரூபாக் கணக்கில் 4,500 ரூபா என்பது மூன்று நாளைக்கும் மேலாக மலையேறிப் பறித்த கொழுந்தின் கூலி. அதை ஐந்து நிமிடத்தில் பறித்துவிட இந்தப் பேச்சில் ஒரு சொல்கூட வீணாகவில்லை. ‘ஹெட் ஆபீஸ்’ அதிகாரத்தைக் காட்டுகிறது. ‘அம்மா’ உறவைக் கொண்டுவருகிறது. ஐந்து இலட்சத்துக்குப் பக்கத்தில் வைத்ததால் 4,500 சின்னத் தொகையாகிவிடுகிறது. உண்மையான கொக்கி கடைசி இரண்டு வாக்கியங்களில் இருக்கிறது. போனை வைக்காதே என்றால் யோசிக்க இடைவெளி இல்லை. கடைக்காரரிடம் சொல்லாதே என்றால் ‘இது களவு வேலை அம்மா, அனுப்பாதீங்க’ என்று சொல்லக்கூடிய ஒரே ஆளும் விலக்கப்பட்டாயிற்று.

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினி, விற்பனையாளர்களும் நன்கொடை திரட்டுபவர்களும் மனிதரை எப்படி இணங்க வைக்கிறார்கள் என்பதை அருகிருந்து பார்த்து, 1984இல் ஒரு நூலாக வெளியிட்டார். அதிகாரத்துக்குப் பணிவது, கைநழுவப் போகும் பொருளுக்கு ஆசைப்படுவது, மற்றவர் செய்வதைத் தானும் செய்வது, கொடுத்த வாக்கிலிருந்து பின்வாங்கக் கூசுவது ஆகியவை அவர் எடுத்துக்காட்டிய தூண்டுதல்களில் சில. இவை ஒவ்வொன்றும் நல்ல வாழ்க்கைக்குத் தேவையான குணங்கள்தான். வைத்தியர் சொல்வதைக் கேட்பதும், அயலவர் போகும் பாதையில் போவதும், சொன்ன சொல் காப்பதும் இல்லாமல் எந்த ஊரும் நடக்காது. மோசடிக்காரர் கையாள்வது நம் கெட்ட குணங்களைவிட நல்ல குணங்களைத்தான்.

ஆகவே ஏமாந்தவர் அறிவில்லாதவர், பேராசைக்காரர் என்ற பேச்சை முதலில் ஒதுக்கிவைக்க வேண்டும். 2008 டிசம்பரில் கொழும்பில் ‘கோல்டன் கீ’ கடனட்டை நிறுவனம் சரிந்தபோது, கிட்டத்தட்ட 9,000 வைப்பாளர்களின் ஏறத்தாழ 2,600 கோடி ரூபா சிக்கிக்கொண்டது. அந்த வரிசையில் படித்தவர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் நின்றார்கள். அதே ஆண்டு, ஆங்கிலப் பாடத்தால் நாடறிந்த சக்விதி ரணசிங்க, அதிக வட்டி தருவதாக வாங்கிய பணத்தோடு தலைமறைவானார். தமிழ்நாட்டில் ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனம் மாதம் 25 முதல் 30 சதவீதம் வரை தருவதாகச் சொல்லி, ஒரு இலட்சத்துக்கும் அதிகமானோரிடம் 2,438 கோடி இந்திய ரூபாயைத் திரட்டியது 2022இல் அம்பலமானது. மாதம் 30 சதவீதம் என்றால் என்ன பொருள் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கிடைத்ததை எடுக்காமல் திரும்பத் திரும்பப் போட்டால் ஒரு வருடத்தில் ஒரு இலட்சம் 23 இலட்சமாக வேண்டும். உலகில் எந்த வியாபாரமும் இதைத் தொடர்ந்து தராது. பிந்தி வந்தவரின் பணத்தை எடுத்து முந்தி வந்தவருக்கு இலாபமென்று கொடுத்தால்தான் சில மாதங்களாவது தர முடியும். 1920இல் பொஸ்டன் நகரில் 45 நாளில் 50 சதவீத இலாபம் என்று அறிவித்த சார்ள்ஸ் பொன்ஸி செய்தது இதைத்தான். அவர் பெயரே அந்த வகை மோசடிக்கு நிலைத்துவிட்டது.

படிப்பு இங்கே முழுக் காவல் இல்லை. ஆனால் பணமுடை ஒருவரின் தற்காப்பைக் குறைக்கிறது என்பதற்குத் தமிழ் மண்ணிலேயே செய்த ஓர் ஆய்வு உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷஃபீர், ஜியாயிங் ஜாவோ ஆகியோர் விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களின் கரும்பு விவசாயிகள் 464 பேரிடம், அறுவடைக்கு முன் கை வறண்டிருந்தபோதும் அறுவடைப் பணம் வந்த பின்னும், ஒரேவிதமான சிந்தனைச் சோதனைகளை நடத்தினார்கள். 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் முடிவு வெளியானது. அதே மனிதர், அதே படிப்பு, ஆனால் பணமுடைக் காலத்தில் மதிப்பெண் தெளிவாகக் குறைந்தது. கடனும் தவணையும் மனதின் ஒரு பகுதியை எந்நேரமும் பிடித்து வைத்துக்கொள்கின்றன, மற்றவற்றை எடைபோட மிஞ்சுவது கொஞ்சம் என்பது அவர்களின் விளக்கம். பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவு விளைவைக் காணவில்லை. என்றாலும் 25ஆம் திகதி அட்வான்ஸை நம்பி 20ஆம் திகதியை ஓட்டும் வீட்டில் இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு புதிர். பரிசு விழுந்ததாக வரும் குறுஞ்செய்திகளில் எழுத்துப்பிழை மலிந்திருக்கும். கதையும் நம்பும்படி இருக்காது. இவ்வளவு திட்டமிடுபவர்கள் நல்ல தமிழில் எழுத ஓர் ஆளைப் பிடிக்க மாட்டார்களா? மைக்ரோசொஃப்ட் ஆய்வாளர் கோர்மக் ஹேர்லி 2012இல் இதற்கு ஒரு கணக்கைக் காட்டினார். இலட்சம் பேருக்குச் செய்தி அனுப்பச் செலவு சொற்பம். பதில் தருபவரோடு மணிக்கணக்காகப் பேசுவதுதான் மோசடிக்காரரின் உண்மையான செலவு. பாதி வழியில் சந்தேகப்பட்டு விலகுபவரிடம் செலவிட்ட நேரம் அவருக்கு நட்டம். ஆகவே சந்தேகப்படக் கூடியவர் முதல் வரியிலேயே விலகிப் போவது அவருக்கு நல்லது. ஹேர்லி ஆராய்ந்தது நைஜீரியப் பெயரில் வந்த மின்னஞ்சல்களை. நம் கைபேசிக்கு வரும் பிழை மலிந்த பரிசுச் செய்திக்கும் அந்தக் கணக்குப் பொருந்துகிறது. அது சிரித்துவிட்டு அழிப்பவர்களுக்காக எழுதப்பட்டதில்லை. வீட்டில் கைபேசி வைத்திருக்கும் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ அதே செய்தி போயிருக்கும்.

மலையகத்துக்கென்று தனியாக ஒரு பலவீனம் உண்டு. அதை மக்களின் குறையாகச் சொல்வது நியாயமில்லை. தமிழ் அரசகரும மொழி என்று அரசியலமைப்பு சொன்னாலும், வங்கியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் பொலிஸிலிருந்தும் வரும் கடிதமும் படிவமும் பல வேளைகளில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோதான் இருக்கின்றன. ஓய்வுபெற்ற ஒருவர் தன் ஈ.பி.எப் பணத்தை எடுக்கவே யாராவது ஒருவரை அழைத்துக்கொண்டு போகிறார். இப்படி எல்லாக் காரியத்துக்கும் இடையில் ஓர் ஆள் தேவைப்பட்டுப் பழகிய இடத்தில், இனிமையான தமிழில் ‘நானே முடிச்சுத் தாரேன்’ என்று வருபவருக்குக் கதவு தானாகத் திறக்கிறது. அரசு தமிழில் பேசாத இடைவெளியில் மோசடி தமிழில் பேசுகிறது. விழிப்புணர்வுச் சுவரொட்டி ஒட்டுவதற்கு முன் இந்த இடைவெளியை அடைக்க வேண்டியது அரசின் வேலை.

இடையாள் புதியவரும் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் மதராஸ் மாகாணத்தின் ஊர்களிலிருந்து கண்டிச் சீமைக்கு ஆள் சேர்த்தபோது, தேயிலைத் தூரில் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டி அழைத்துவந்தார்கள் என்ற கதை இன்றும் லயங்களில் சொல்லப்படுகிறது. அழைத்துவந்த கங்காணி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரர், சொந்த சனம். வழிச்செலவும் முற்பணமும் தொழிலாளியின் பெயரில் கடனாக எழுதப்பட்டன. இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விடுவிப்போம் என்று ஒரு தோட்டம் எழுதிக் கொடுக்கும் ‘துண்டு’ச் சீட்டைக் கொண்டு அவர்கள் அடுத்த தோட்டத்துக்கு மாற்றப்பட்டார்கள். கடனும் கூடவே போனது. 1921இல்தான் அந்த முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அன்று முற்பணம் கொடுத்துக் கட்டினார்கள். இன்று முற்பணம் வாங்கிவிட்டுப் போகிறார்கள். இரண்டிலும் வாசலில் வந்து நின்றது தெரிந்த முகம்.

வெளிநாட்டு வேலை மோசடியில் இந்தத் தெரிந்த முகத்துக்குப் பெயர் சப் ஏஜென்ட். அவர் கொழும்பிலோ குருநாகலிலோ உள்ள ஒரு முகவர் நிலையத்தின் பெயரைச் சொல்வார், அல்லது எந்த நிலையத்தையும் சொல்ல மாட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வார். மருத்துவச் சோதனைக்கு, விசாவுக்கு, டிக்கெட்டுக்கு என்று தவணை தவணையாகப் பணம் கேட்பார். இந்தத் தவணைதான் பொறி. முதல் 25,000 போன பிறகு, அதைக் கைவிட மனமில்லாமலே அடுத்த 40,000 போகிறது. போட்டதைக் காப்பாற்ற மேலும் போடுவதைப் பற்றிப் பொருளியலாளர்கள் நெடுங்காலமாக எழுதி வருகிறார்கள். ‘இவ்வளவு கட்டிட்டோம், இன்னும் கொஞ்சம்தானே’ என்ற வாக்கியம் வீட்டில் கேட்டால், அங்கேயே நிறுத்த வேண்டிய நேரம் அது.

பணத்தோடு போனால் அது சிறிய இழப்பு. சுற்றுலா விசாவில் ஓமானுக்கு அழைத்துச் செல்லப்பட்டு அங்கே விற்கப்பட்ட இலங்கைப் பெண்களின் கதை 2022 நவம்பரில் வெளிவந்தது. தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போன இலங்கை இளைஞர்கள், எல்லை கடத்தப்பட்டு மியன்மாரின் மியாவடி முகாம்களில் அடைபட்டார்கள். 2024இல் தொகுதி தொகுதியாக அவர்களில் பலர் மீட்கப்பட்டார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை, உலகெங்கும் உள்ளவர்களை இணையத்தில் ஏமாற்றுவது. மியன்மாரில் மட்டும் குறைந்தது 120,000 பேரும், கம்போடியாவில் ஏறத்தாழ 100,000 பேரும் இப்படிக் கட்டாயத்தின்பேரில் மோசடியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஓகஸ்டில் மதிப்பிட்டது. இந்த மோசடித் தொழில் தேயிலை மலைகளின் பக்கமே வந்துவிட்டது. 2024 ஒக்டோபரில் கண்டிக்கு அருகே குண்டசாலையில் இணைய மோசடியின் பேரில் 100க்கும் மேற்பட்ட சீனர்களைப் பொலிஸார் கைது செய்தார்கள். போனில் காதலாகப் பேசும் குரலுக்குப் பின்னாலும், ‘யூடியூபில் லைக் போட்டால் நாளுக்கு 5,000’ என்று டெலிகிராமில் ஆள் பிடிக்கும் கணக்குக்குப் பின்னாலும் இப்படி ஒரு கூடம் இருக்கலாம்.

அடுத்தது பிரமிட் திட்டம். மருந்து, அழகுசாதனம், டிஜிட்டல் நாணயம், விளையாட்டுச் செயலி என்று உடுப்பு மாறும். கணக்கு மாறாது. பணம் கட்டிச் சேர வேண்டும், கட்டியதை எடுக்க ஆள் சேர்க்க வேண்டும். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு காம்பரா உள்ள ஒரு லயத்தில் முதல் வீட்டுக்காரர் ஆறு வீட்டைச் சேர்த்தால் மீதம் ஐந்து வீடு. அந்த ஆறு பேருக்கும் சேர்த்துத் தேவைப்படுவது 36 பேர். ஆகவே அவர்கள் அடுத்த லயத்துக்கும் அடுத்த டிவிஷனுக்கும் போக வேண்டும். ஏழாவது அடுக்கில் 279,936 பேர் தேவை. எட்டாவது அடுக்குக்கு 1,679,616 பேர் வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகையே 2012 கணக்கெடுப்பின்படி 7 இலட்சத்தைச் சற்றுத் தாண்டியதுதான். பத்தாவது அடுக்குக்கு 6 கோடிக்கு மேல். இலங்கையில் அத்தனை பேர் இல்லை. எந்த அடுக்கில் நின்றாலும், அந்தக் கடைசி அடுக்கில் இருப்பவர்கள் சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பங்கினர். அதாவது 100 பேரில் 83 பேர் தங்களுக்குக் கீழே யாரும் இல்லாமல் பணத்தை இழக்கிறார்கள். நிறுவனம் நல்லதா கெட்டதா என்று விசாரிக்கவே தேவையில்லை. பெருக்கல் வாய்பாடு தெரிந்தால் போதும்.

இதன் கொடுமை பணத்தோடு முடிவதில்லை. சேர்த்தவர் அத்தை, சேர்ந்தவள் மருமகள். சரிந்த பிறகு கோயில் திருவிழாவிலும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். நம்பி ஆள் சேர்த்தவர் பலர் உண்மையிலேயே நம்பித்தான் சேர்த்தார்கள். ஆனால் சட்டம் அவர்களையும் தொடும். 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவு, இத்தகைய திட்டத்தைத் தொடங்குவதை மட்டுமல்ல, நேரடியாகவோ மறைமுகமாகவோ அதை ஊக்குவிப்பதையும் விளம்பரப்படுத்துவதையும் குற்றமாக்குகிறது. இலங்கை மத்திய வங்கி ஒன்மேக்ஸ் டிடி, ஸ்போர்ட் செயின், தியன்ஸ், பெஸ்ட் லைஃப் இன்டர்நெஷனல் உள்ளிட்ட பல பெயர்களைத் தடைசெய்யப்பட்டவை என்று வெளிப்படையாக அறிவித்திருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பது நல்ல நிறுவனம் என்பதற்குச் சான்றாகாது. நேற்றுத் தொடங்கிய பெயர் பட்டியலுக்கு வரச் சில காலம் ஆகும்.

வைப்புப் பணத்துக்குத் தேட வேண்டியது வேறொரு பட்டியல், மத்திய வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் உள்ள பட்டியல். அப்படி அனுமதி பெற்ற நிறுவனம் முறிந்தாலும் ஒரு வைப்பாளருக்கு 11 இலட்சம் ரூபா வரை வைப்புக் காப்புறுதி உண்டு. சங்கத்தின் பெயரால், சபையின் பெயரால், ‘நம்ம ஆள் கம்பனி’ என்ற பெயரால் வாங்கப்படும் வைப்புக்கு அது கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்கள் பத்துப் பேர் சேர்ந்து போடும் மாதச் சீட்டு வேறு. அங்கே யார் யார் எவ்வளவு போட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும், யாருக்கும் மாயமான இலாபம் வராது.

ஓடிபி பற்றி நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. கைபேசிக்கு வரும் ஆறு இலக்கம் வீட்டுச் சாவி. வங்கியோ பொலிஸோ அஸ்வெசும அலுவலரோ அதைப் போனில் கேட்க மாட்டார்கள். வாட்ஸ்அப்பில் சொந்த அண்ணன் பெயரிலேயே ‘தெரியாமல் உனக்கு ஒரு கோட் வந்திருக்கும், அனுப்பு’ என்று வந்தாலும் அனுப்பக் கூடாது. அண்ணனின் கணக்கு ஏற்கெனவே களவு போயிருக்கும். அவருக்குப் போன் செய்து குரலைக் கேட்டுவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இவ்வளவு வகை இருந்தும் காவல் ஒன்றுதான். சொல்லும் ஆளை நம்புவதும், சொல்லப்படும் செய்தியைச் சரிபார்ப்பதும் இரண்டு தனி வேலைகள். மாமா நல்லவர் என்பதால் மாமா கொண்டுவந்த நிறுவனம் நல்லதாகிவிடாது. அவரும் எங்கோ ஏமாந்திருக்கலாம். ஆகவே அவர் தந்த இலக்கத்துக்கே திரும்ப அழைத்துக் கேட்பதில் பயனில்லை. வெளிநாட்டு வேலையென்றால் முகவரின் அனுமதிப்பத்திர இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு, வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989க்கு அழைக்கலாம், பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். சுற்றுலா விசாவில் வேலை என்றால் கேட்கவே வேண்டாம், மறுத்துவிடலாம். வட்டி, முதலீடு என்றால் மத்திய வங்கியின் 1935. போன், இணையம் சம்பந்தப்பட்டதற்குக் கணினிப் பாதுகாப்பு அமைப்பான இலங்கை சேர்ட்டின் 101. ‘இன்னைக்கே முடிவு சொல்லணும்’ என்பவருக்கு ‘நாளைக்குச் சொல்றேன்’ என்பதே பதில். உண்மையான வேலையும் உண்மையான வங்கியும் ஒரு இரவு காத்திருக்கும்.

பணம் போய்விட்டால் முதல் மணித்தியாலம் பெறுமதியானது. வங்கிக்கோ போன் கம்பனிக்கோ உடனே அழைத்து அனுப்பிய பணத்தை நிறுத்தச் சொல்ல வேண்டும். குறுஞ்செய்தியையும் அழைப்பு விவரத்தையும் கோபத்தில் அழித்துவிடக் கூடாது. வைப்புத் துண்டு, கடைச் சீட்டு, அனுப்பிய இலக்கம் எல்லாம் சாட்சி. பொலிஸில் முறைப்பாட்டைத் தமிழில் கொடுக்க உரிமை உண்டு, அதைக் கேட்டு வாங்க வேண்டும். சில வாரம் கழித்து ‘போன பணத்தை மீட்டுத் தாரோம், சின்ன கட்டணம் மட்டும் கட்டுங்க’ என்று இன்னோர் அழைப்பு வரக்கூடும். ஏமாந்தவர்களின் இலக்கங்கள் மோசடிக் கும்பல்களுக்குள் கைமாறுவதால் வரும் இரண்டாவது கொள்ளை அது.

வீட்டிலுள்ள பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவோ தாத்தாவோ ஏமாந்துவிட்டு வந்து சொன்னால் ஏசாதீர்கள், ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்காதீர்கள். ஒருமுறை ஏச்சு வாங்கியவர் அடுத்த தடவை யாரிடமும் சொல்ல மாட்டார். இன்று மாலையே அவர்கள் கைபேசியை வாங்கி, வந்திருக்கும் செய்திகளை அவர்களோடு உட்கார்ந்து வாசியுங்கள். 1989, 1935, 101 மூன்றையும் தமிழில் பெயர் போட்டுப் பதிந்து கொடுங்கள்.